நோயாளியைப் பற்றிப் பதிவிடும் முன்: மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பணியில் சேர்ந்த புதிதில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினேன். காசநோய்க்கு ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டு முடித்த ஒரு பூக்கார அம்மாவைப் பாராட்டி எழுதியது அது. பெயர் போடவில்லை, படமும் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் கடை, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த ஊரில் பஸ் ஸ்டாண்டு ஒன்றுதான். அடுத்த வாரத்திலிருந்து அவரிடம் பூ வாங்குவதைப் பலர் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஹவுஸ் சர்ஜன்களும் (பயிற்சி மருத்துவர்கள்) பி.ஜி. (முதுநிலை) மாணவர்களும் வார்டு செவிலியர்களும் தங்கள் பதிவுகளை வெளியிடும் முன் என்னிடம் காட்டச் சொல்லி வருகிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் படம் எடுக்கிறார்கள். அப்புறம் எழுதுகிறார்கள். கடைசியில் பெயரை மறைக்கிறார்கள். நோயாளியிடம் கேட்பது அந்த வரிசையில் வருவதே இல்லை.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியில் 'கூடாது' என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், மிச்சப் படிகளுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் மருத்துவமனையில் படம் எடுப்பது, சமூக வலைத்தளத்தில் எழுதுவது பற்றி எழுத்து வடிவில் சுற்றறிக்கை ஏதும் இருக்கிறதா என்று ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் கேட்டு, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'அப்படி ஒன்றும் இல்லை' என்று வாய்மொழியாகச் சொன்னால், அனுமதி உண்டு என்று அதற்குப் பொருள் இல்லை. உங்கள் பிரிவின் தலைமை மருத்துவரான யூனிட் சீஃபிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

போனில் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாக கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள். கேலரி தானாக கூகுள் போட்டோஸில் ஏறுவதையும் நிறுத்துங்கள். நம் வீடுகளில் போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பதில்லை. குழந்தை விளையாட வாங்கும், அம்மா கல்யாணப் படம் பார்க்க வாங்குவார். அறுவை சிகிச்சைப் படம் அங்கே இருக்கக் கூடாது.

எழுதுவதற்கு, இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு நோட்ஸ் செயலியோ காகிதமோ வேண்டும். ஃபேஸ்புக் பெட்டிக்குள்ளேயே எழுதத் தொடங்கினால் பாதி எழுதும்போதே கை பொத்தானுக்குப் போய்விடுகிறது. தூக்கக் கலக்கத்தில் அரைகுறைப் பதிவு வெளியே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, உங்கள் வார்டைச் சாராத, அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் வேண்டும். அவர் எதற்கு என்பது ஐந்தாவது படியில் வருகிறது.

1. போனை எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

முடிவு எடுக்க வேண்டிய நேரம் பதிவிடும் நேரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தாமதம். படம் எடுத்துவிட்டால் அது போனில் இருக்கிறது, மேகச் சேமிப்பில் இருக்கலாம், 'அண்ணா, எனக்கும் அனுப்புங்க' என்று கேட்ட இருவரிடமும் இருக்கிறது. நீங்கள் பதிவிட வேண்டாம் என்று தீர்மானித்தாலும் அவர்கள் தீர்மானிக்கப்போவதில்லை.

அதனால் கேள்வியை முன்னால் கொண்டுவாருங்கள்: இந்தப் படம் சிகிச்சைக்குத் தேவையா? காயம் ஆறுவதைப் பதிவு செய்ய, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கருத்துக் கேட்க என்றால் தேவை. அது நோயாளியின் சிகிச்சைப் பதிவேடான கேஸ் ஷீட்டைச் சேர்ந்தது. வேலை முடிந்ததும் போனிலிருந்து போக வேண்டும், 'சமீபத்தில் நீக்கியவை' என்ற பெட்டியிலிருந்தும் சேர்த்து.

சிகிச்சைக்குத் தேவையில்லை என்றால், நோயாளியின் சம்மதம் இல்லாமல் எடுக்கவே வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர், பிரசவ வலியில் இருப்பவர், கேஷுவாலிட்டியில் ரத்தத்தோடு கிடப்பவர் ஆகியோரால் சம்மதம் தர முடியாது. பக்கத்தில் நிற்கும் உறவினர் தலையாட்டுவதை நோயாளியின் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே அதிகம் நடக்கும் தவறு செல்ஃபி. தியேட்டரில் நண்பர்கள் நால்வர் பச்சை உடையில் நின்று எடுப்பதில் நோயாளியே இல்லை என்று தோன்றும். பின்னால் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றைய அறுவை சிகிச்சைப் பட்டியல் அதில் இருக்கும்: பெயர், வயது, ஐ.பி. (உள்நோயாளி) எண், என்ன அறுவை சிகிச்சை என்பது வரை. மேசையில் திறந்து கிடக்கும் கேஸ் ஷீட், மானிட்டர் திரை, கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டை இவற்றையும் பாருங்கள். படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் வெற்றுச் சுவர் முன்னால் எடுங்கள்.

2. எதற்காக எழுதுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

நோட்ஸில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: 'இதைப் படிப்பவர் படித்து முடித்ததும் ___ செய்ய வேண்டும்.' கோடிட்ட இடத்தை நிரப்ப முடியவில்லை என்றால் பதிவு இன்னும் தயாராகவில்லை.

இந்த ஒரு வரி பல சமயம் நோயாளியையே பதிவிலிருந்து வெளியே எடுத்துவிடும். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இதைச் சொல்ல நேற்று இரவு வந்த பையனின் கால் தேவையில்லை. வீங்கிய காலின் படத்தைப் பார்க்கிறவர் படத்தைத்தான் பகிர்வார், கீழே எழுதிய வரியைப் படிக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

சக மருத்துவரிடம் கருத்துக் கேட்பதுதான் நோக்கம் என்றால் சமூக வலைத்தளமே வேண்டாம். வாட்ஸ்அப் குழுவும் பொது இடம்தான். 1,024 பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம், அதில் பாதிப்பேரை உங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரு சீனியருக்குப் போன் செய்து பேசுங்கள், தேவையான பகுதியை மட்டும் வெட்டி அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

நோக்கம் உங்களை நாலு பேருக்குத் தெரியவைப்பது என்றால் அதை உங்களிடமே நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் நோயாளிகளை ஈர்க்கும்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. பொதுச் சுகாதாரம் பற்றி உங்கள் பெயரிலேயே எழுதலாம், அதற்குத் தடையில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய், காக்காய் வலிப்பு போன்றவற்றைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது. 'சர்க்கரை நோய்க்கு முழுத் தீர்வு' என்ற வாசகத்தோடு ஒரு மருந்தைக் காட்டி ரீல் போடுகிறவர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

3. சட்டம் கதவை மூடியிருக்கும் இடங்களை முதலில் பாருங்கள்

அனுமதி கேட்பதற்கு முன்பே இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில இடங்களில் அனுமதி வாங்கினாலும் நீங்கள் எழுதக் கூடாது. சில இடங்களில் அனுமதி வாங்கும் முறையே வேறு. கேட்டுவிட்டு, எழுதிவிட்டு, பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், 23-வது பிரிவு. பெயர் மட்டுமல்ல, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் தெரியவைக்கும் எதுவும் கூடாது. இந்த இரண்டு வகையிலும் 'கவனமாக எழுதுகிறேன்' என்று முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. எழுதாமல் விடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. அதே 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, மனநல மையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரங்களுக்கு, 2021-ல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

இவை தவிர எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக 2002 விதிகள் உண்டு. தொழிலின் வழியாகத் தெரிந்துகொண்ட ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகியவை மட்டுமே விலக்கு. இந்தக் கடைசி விலக்கைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காசநோய் 2012 முதல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிவது உங்கள் கடமை. தெருவுக்குத் தெரிவிக்க அது உரிமை தரவில்லை.

மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை அறிவித்து, அதே மாதம் 23-ம் தேதி நிறுத்தி வைத்தது. பழைய 2002 விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் நிறுத்தி வைக்கப்பட்ட அந்த விதிகளில் சமூக வலைத்தளம் பற்றித் தனிப் பகுதி இருந்தது: நோயாளியின் பாராட்டுரையைப் பகிராதே, குணமானவர் படத்தைக் காட்டாதே, லைக்கும் ஃபாலோயரும் காசு கொடுத்து வாங்காதே என்று. சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும், எங்கள் பிள்ளைகளிடம் அதைப் படித்துவிட்டு வரச் சொல்கிறேன்.

4. அனுமதி கேளுங்கள், 'வேண்டாம்' என்று சொல்ல இடம் விட்டுக் கேளுங்கள்

பூக்கார அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. 'நீங்க கேட்டிருந்தா அப்பவும் சரின்னுதான் சொல்லியிருப்பேன் டாக்டர், உங்ககிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது?' என்றார். அனுமதி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

நம் மருத்துவமனைகளில் நோயாளி மருத்துவரிடம் 'முடியாது' என்று சொல்ல மாட்டார். நாளைக்கு மாத்திரை தர மாட்டார்களோ, நர்ஸம்மா முகம் கொடுத்துப் பேச மாட்டார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. 'நீங்க சொன்னா சரிங்க டாக்டர்' என்ற பதிலைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சிகிச்சை நடக்கும்போது கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு, முதல் மறு பரிசோதனைக்கு வரும்போது கேளுங்கள். முடிந்தால் நீங்கள் கேட்காமல், சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவரை, மருத்துவமனையின் சமூகப் பணியாளர் இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவரிடம் மறுப்பது எளிது.

எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். 'உங்களைப் பத்தி நல்லதா எழுதப்போறேன்' என்று பொதுவாகச் சொன்னால் அவர் மனதில் ஒரு பதிவு ஓடும், நீங்கள் எழுதுவது வேறாக இருக்கும். நான் பயன்படுத்தும் வாசகம் ஏறக்குறைய இதுதான்:

'அம்மா, உங்க வைத்தியத்தைப் பத்தி இதைப் போன்ல போடலாமான்னு கேக்கறாங்க. யார் வேணும்னாலும் பாக்கலாம், உங்க ஊர்க்காரங்களும் பாக்கலாம். ஒருதடவை போட்டா முழுசா அழிக்க முடியாம போகலாம். வேண்டாம்னு சொன்னா வைத்தியத்துல எதுவும் மாறாது. இப்பவே சொல்ல வேண்டாம், வீட்டுல கேட்டுட்டு அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க.'

அடுத்த தடவை அவர் தானாக இந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப நினைவூட்டினால் அது வற்புறுத்தல்.

சரி என்றால் எழுத்தில் வாங்குங்கள். அவருக்குப் புரியும் மொழியில், எந்த வாசகம், எந்தப் படம், எந்தத் தளம் என்று குறிப்பிட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, கூடவே மருத்துவமனையைச் சேராத ஒரு சாட்சி. அறுவை சிகிச்சைக்கு வாங்கிய சம்மதப் படிவம் இதற்குச் செல்லாது. மாணவர்களுக்குப் பாடம் நடத்தக் கொடுத்த சம்மதமும் இன்ஸ்டாகிராமுக்குச் செல்லாது.

குழந்தை விஷயத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்தக் குழந்தை பதினைந்து வருடம் கழித்துத் தன் பெயரைத் தேடிப் பார்க்கும். பெற்றோர் சரி என்றாலும் முகத்தைக் காட்டாதீர்கள். இறந்தவர் விஷயத்தில் ரகசியம் அவரோடு முடிவதில்லை. குடும்பத்தைக் கேட்க வேண்டும், கேட்பதற்குச் சில மாதங்களாவது போக வேண்டும்.

5. அடையாளத்தை நீக்குங்கள், பெயரிலிருந்து தொடங்காதீர்கள்

அனுமதி கிடைத்த பிறகும் இந்தப் படி உண்டு. நோயாளி சரி சொன்னது தன்னைப் பற்றி எழுதத்தான், தன்னை ஊருக்குக் காட்ட அல்ல.

பெயரை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம்தான் காட்டிக்கொடுக்கிறது. என்னிடம் வந்த வரைவுகளைப் போல ஒன்றை இங்கே எழுதிக் காட்டுகிறேன்:

'நேற்று இரவு 2 மணிக்கு, கல்யாணமாகி மூன்றே மாதமான 24 வயதுப் பெண், பக்கத்து கிராமத்திலிருந்து ஆட்டோவில் வந்தார். கணவர் துபாயில் வேலை. மாமியார்தான் கூட வந்தார். குழாயில் கரு தங்கி வெடித்திருந்தது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினோம்.'

பெயர் இல்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் மூன்று மாதத்துக்கு முன் கல்யாணமாகி, கணவர் துபாயில் இருக்கும் வீடு எத்தனை? ஆட்டோ ஓட்டியவருக்கே தெரியும். கணவருக்கே இன்னும் முழு விவரம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்தப் பதிவின் நோக்கம் என்ன? மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தால் காத்திருக்கக் கூடாது என்பது. அப்படியானால் இவ்வளவு போதும்:

'மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் சமயத்தில் ஒரு பக்கமாக அடிவயிறு வலித்து மயக்கம் வந்தால், வாயு என்று நினைத்துக் கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.'

ஊர், நேரம், வயது, கணவர், மாமியார் எல்லாம் போய்விட்டன. படிப்பவருக்கு வேண்டியது எதுவும் குறையவில்லை.

விவரங்களை மாற்றி எழுதலாமே என்று கேட்பார்கள். துபாயைச் சிங்கப்பூர் ஆக்கலாம், 24-ஐ 28 ஆக்கலாம். நான் வேண்டாம் என்பேன். மாற்றிய விவரம் தற்செயலாக இன்னொரு பெண்ணுக்குப் பொருந்திவிடலாம். அப்போது சம்பந்தமே இல்லாத ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நீக்குவது பாதுகாப்பு.

இப்போது அந்த ஊர்க்காரரைக் கூப்பிடுங்கள். வரைவைக் காட்டி 'இது யார் என்று தெரிகிறதா?' என்று கேட்காதீர்கள், ஊகிக்கத் தூண்டியதாகிவிடும். 'நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவாரா?' என்று கேளுங்கள். அவர் தயங்கினாலே இன்னும் நீக்க வேண்டியது இருக்கிறது. விபத்து, தீக்காயம், தற்கொலை முயற்சி போன்றவை மாவட்டப் பதிப்பில் செய்தியாக வந்திருக்கும். உங்கள் பதிவையும் அந்தச் செய்தியையும் சேர்த்து வைத்தால் பெயரே வந்துவிடும். இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதவே வேண்டாம்.

படங்களில் அடிக்கடி பார்க்கும் பிழைகள்:

கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே இது போதாது என்று சொல்லிவிட்டது. தாடை, காது, மூக்குத்தி, கையில் பச்சை குத்திய பெயர், தாலிச் சரடின் அமைப்பு எல்லாம் சொந்தக்காரருக்கு முகம் போலத்தான்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஈ.சி.ஜி. மூலையில் பெயர், வயது, தேதி, மையத்தின் பெயர் அச்சாகியிருக்கும். ஈ.சி.ஜி. காகிதத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதியதையும் பாருங்கள். ஸ்கேன் படத்தில் இரண்டு இடத்தில் பெயர் இருப்பதும் உண்டு.

போனில் உள்ள மார்க்கர் பேனாவால் கறுப்படிப்பது. பல போன்களில் அந்த மை ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து தெரியும். மறைக்காதீர்கள், அந்தப் பகுதியையே வெட்டி எடுங்கள். வெட்டிய படத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பயன்படுத்துங்கள். பவர்பாயின்ட்டில் வெட்டிய படத்துக்குள் மறைந்த பகுதி அப்படியே இருக்கும், கோப்பைப் பெறுபவர் மீட்டுவிடலாம். 2023-ல் கூகுள் பிக்சல் போன்களில், வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் நீக்கிய பகுதியைக்கூட மீட்க முடிந்த ஒரு குறை வெளிவந்து, பிறகு சரிசெய்யப்பட்டது. அதனால் வெட்டுவதை மட்டும் நம்பி, போன் மென்பொருளைப் புதுப்பிக்காமல் இருக்காதீர்கள்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடமும் நேரமும். கேமராவில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடம் படக் கோப்பிலேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அந்த விவரமும் கூடவே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்து வையுங்கள்.

குரல். வீடியோவில் முகத்தை மங்கலாக்கிவிட்டுக் குரலை அப்படியே விடுகிறார்கள். அம்மாவின் குரல் மகனுக்குத் தெரியாதா?

6. ஒரு வாரமாவது ஆறவிடுங்கள்

உங்கள் முகப்புப் பக்கத்தில் எந்த மருத்துவமனை, எந்தத் துறை என்று இருக்கிறது. 'இன்று டியூட்டியில்' என்று எழுதினால் தேதியும் கிடைத்துவிட்டது. பதிவில் நீங்கள் நீக்கிய விவரங்களை உங்கள் பக்கமே நிரப்பிக்கொடுக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் இந்த இணைப்பு அறுந்துவிடும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் மூன்று மாதம்.

இன்னொரு காரணம் களைப்பு. இரவு டியூட்டி முடித்து, தூங்காமல், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதில் நியாயம் இருக்கலாம், நிதானம் இருக்காது. கூட வந்தவர் சட்டையைப் பிடித்தார், ரத்தம் கிடைக்கவில்லை, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை என்ற கோபமெல்லாம் உண்மைதான். எழுதுங்கள், நோட்ஸில் எழுதுங்கள். தூங்கி எழுந்து படியுங்கள்.

அந்தக் கோபத்தில் மருத்துவமனையின் குறை இருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. தேதி, நேரம், என்ன இல்லை, அதனால் என்ன ஆனது என்று ஒரு பக்கத்தில் எழுதி யூனிட் சீஃபுக்கும் ஆர்.எம்.ஓ.வுக்கும் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் டீனுக்கு, சங்கத்துக்கு. அரசுப் பணியில் இருப்பவர்களை 1973-ம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அரசைப் பொதுவெளியில் விமர்சிப்பது அதன்கீழ் வரும். குறையை விழுங்கிவிட்டுப் போகச் சொல்லவில்லை. காகிதத்தில் போன புகாருக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். ஃபேஸ்புக்கில் போன புகாருக்கு எழுதியவரைத்தான் கூப்பிடுவார்கள், ஸ்ட்ரெச்சர் அதே இடத்தில்தான் நிற்கும்.

நோயாளி பேசும் விதத்தை நடித்துக் காட்டும் ரீல்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வயித்துல ஏதோ ஓடுது டாக்டர்' என்று சொல்பவர் தன் வலிக்குத் தனக்குத் தெரிந்த சொல்லைச் சொல்கிறார். அதை மூவாயிரம் பேர் சிரிக்கப் போட்டால், அடுத்து வரும் நோயாளி வாயைத் திறக்கவே கூச்சப்படுவார். பெயர் இல்லை, முகம் இல்லை என்றாலும் வேண்டாம்.

7. மருத்துவத் தகவலை இன்னொருவரிடம் சரிபாருங்கள்

மருந்தின் பெயரும் அளவும் இருந்தால் நீக்குங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெடிக்கல் ஷாப்பில் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவருக்கு சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வழிகாட்டு நெறிமுறையைச் சொன்னால் எந்த ஆண்டினுடையது என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு வருடம் கழித்தும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டிருக்கும்.

பின்னூட்டத்தில் 'டாக்டர், எனக்கும் இப்படித்தான் இருக்கு, என்ன சாப்பிடலாம்?' என்று கட்டாயம் வரும். அங்கே வைத்தியம் பார்க்காதீர்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி நோயாளியும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். பின்னூட்டத்தில் இரண்டும் முடியாது. 'நேரில் காட்டுங்கள், இன்ன அறிகுறி இருந்தால் இன்றே போங்கள்' என்று மட்டும் எழுதுங்கள். அவர் தன் ரிப்போர்ட்டையே பின்னூட்டத்தில் போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

8. பதிவிடும் நிமிடம்

எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். இருப்பிடம், டேக் இரண்டையும் அணையுங்கள். உடன் பணியாற்றுபவரை டேக் செய்தால் அவர் வழியாக வார்டு தெரிந்துவிடும்.

'நண்பர்களுக்கு மட்டும்' என்ற அமைப்பைப் பூட்டு என்று நம்பாதீர்கள். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு நொடி போதும்.

முதல் இரண்டு மணி நேரம் பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். 'இது நம்ம தெரு அக்காதானே' என்று யாராவது எழுதினால் அந்தப் பின்னூட்டத்தை மட்டும் நீக்கினால் போதாது. பதிவையே எடுக்க வேண்டும், ஒருவருக்குத் தெரிந்தது இன்னும் பத்துப் பேருக்குத் தெரியும். இதனால்தான் டியூட்டிக்குள் நுழையும் முன் பதிவிடாதீர்கள் என்கிறேன்.

9. தவறிவிட்டால்

வரிசை இதுதான். முதலில் உங்களுக்கான சான்றாக ஒரு ஸ்கிரீன்ஷாட், உடனே பதிவை நீக்குங்கள். திருத்தி வைக்காதீர்கள், ஃபேஸ்புக்கில் திருத்தத்தின் பழைய வடிவத்தையும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்குமாக நீக்க சுமார் இரண்டரை நாள் அவகாசம் உண்டு. குழுவில் அனுப்பியிருந்தால் உடனே குழு நிர்வாகியையும் கூப்பிடுங்கள், அவராலும் நீக்க முடியும்.

அடுத்து யூனிட் சீஃபிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மற்றவர் வழியாக அவருக்குத் தெரியும் முன் சொல்ல வேண்டும். என்ன எழுதினீர்கள், எப்போது நீக்கினீர்கள், யார் யார் பகிர்ந்தார்கள் என்று எழுதியும் கொடுங்கள்.

பிறகு நோயாளி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அவருக்குத் தெரியாமலே போய்விடும் என்ற நம்பிக்கையில். தெருவில் யாரோ கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது அவருக்கு நல்லது, என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவாவது நேரம் கிடைக்கும். சீஃபோடு சேர்ந்து, நேரில், தனி அறையில், கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். என்ன வெளியே போனது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அவரைக் கேளுங்கள்.

பொதுவெளியில் விளக்கப் பதிவு எழுதாதீர்கள். 'நான் சொன்ன அந்தப் பெண்மணி உண்மையில்...' என்று தொடங்கும் விளக்கம் முதல் பதிவைப் பார்க்காதவர்களையும் கூட்டிவரும். நான் அந்தத் தவறையும் செய்தேன், பூக்கார அம்மாவுக்கு நோய் முழுவதும் குணமாகிவிட்டது, யாருக்கும் பரவாது என்று எழுதி. கடைசியில் உதவியது வேறு. அவர் கேட்டுக்கொண்டபடி, எங்கள் செவிலியர்கள் தினமும் டியூட்டி முடிந்து போகும்போது அவரிடம் நின்று பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, மற்றவர்கள் திரும்பி வர.